ஒரே ஆள் திறந்தால் பறக்கிறது, இரண்டாவது ஆள் வந்ததும் ஊர்கிறது: ஆக்சஸ் டேட்டாபேஸ், 6 கம்ப்யூட்டர்

மண்டிக்கணக்கு:

வணக்கம். ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்குப் பார்க்கிறேன். ஆபீஸில் மொத்தம் 6 கம்ப்யூட்டர். லாட் பதிவு, எடைச் சீட்டு, விவசாயிக்குப் பட்டுவாடா, வியாபாரி பில் எல்லாமே மைக்ரோசாப்ட் ஆக்சஸ் என்கிற டேட்டாபேஸ் மென்பொருளில் எழுதிய ஒரே புரோகிராமில்தான் ஓடுகிறது. எழுதிக் கொடுத்தவர் வெளிநாடு போய்விட்டார். ஃபார்ம் (பதிவுத் திரை) திருத்த, க்வெரி (டேட்டாவைத் தேடி எடுக்கும் கட்டளை) எழுத எனக்கு ஓரளவு தெரியும்.

டேட்டா ஃபைல் காசாளர் அறைக் கம்ப்யூட்டரில் ஷேர் செய்த ஃபோல்டரில் இருக்கிறது. விண்டோஸ் 10 புரோ, 8 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க். டேட்டா ஃபைல் 340 எம்பி. ஃபார்மும் ரிப்போர்ட்டும் உள்ள ஃபைல் தனி. ஆனால் அதுவும் அதே ஃபோல்டரில்தான் கிடக்கிறது; எல்லோரும் ஷார்ட்கட் வழியாக அந்த ஒன்றையே திறக்கிறோம். ஐந்து கம்ப்யூட்டருக்கு ஒயர் போட்டிருக்கிறது, குடோனில் உள்ள லேப்டாப் மட்டும் வைஃபை.

காலையில் முதல் ஆளாக வந்து திறந்தால் லாட் பதிவு ஃபார்ம் 2 செகண்டில் வந்துவிடும். இன்னொருவர் எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் சரி, அதற்கப்புறம் அதே ஃபார்முக்கு 20, 25 செகண்ட். மூன்றாவது, நாலாவது ஆள் வந்தால் அதற்கு மேல் பெரிதாகக் கூடுவதில்லை. மற்ற மாதங்களில் சமாளித்துவிடுவோம். பொங்கல் கழிந்து புது மஞ்சள் வர ஆரம்பித்துவிட்டால் கவுண்டரில் கூட்டம் நிற்கும். மூட்டையை இறக்கிவிட்டு வெயிலில் நிற்கிற விவசாயியை ஒரு சீட்டுக்காக இவ்வளவு நேரம் காக்கவைப்பது எனக்கு மனசுக்கே ஒப்பவில்லை.

ராமை 4-லிருந்து 8 ஆக்கினோம். ஸ்விட்ச் புதிதாக மாற்றினோம். ஃபைலைச் சுருக்கிச் சீராக்கும் காம்பாக்ட் அண்ட் ரிப்பேர் போட்டேன், ஃபைல் 410 எம்பியிலிருந்து 340-க்கு இறங்கியது, வேகம் அதேதான். இப்போது ஒரு கடைக்காரர் ஒன்றேகால் லட்சத்துக்கு சர்வர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். "அதை வாங்கினால் சரியாகிவிடும் என்று நீ சொல்லு, வாங்கிவிடலாம்" என்கிறார் முதலாளி. எனக்குச் சொல்லத் துணிவில்லை. அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்.

கோவை_நெட்:

சர்வர் விஷயம் இருக்கட்டும். ஆக்சஸ் ஃபைலை ஷேர் ஃபோல்டரில் போட்டு 6 பேர் எழுதுவதே எனக்குச் சரியாகப் படவில்லை. மைக்ரோசாப்டின் டேட்டாபேஸ் சர்வர் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரில் எக்ஸ்பிரஸ் பதிப்பு இலவசம். 2022 பதிப்பில் ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி வரை இடம் உண்டு, ஆக்சஸில் 2 ஜிபியோடு சரி. டேபிள்களை அங்கே ஏற்ற மைக்ரோசாப்டே ஒரு கருவியை இலவசமாகத் தருகிறது. ஃபார்ம்களை அப்படியே வைத்துக்கொண்டு டேபிள்களை மட்டும் லிங்க் செய்யலாம். நடுவில் கரண்ட் போனால் ஃபைல் கெட்டுப்போகும் பயமும் குறையும். ஒரு தடவை கஷ்டப்பட்டு மாறிவிடுங்கள்.

பழைய_பாக்ஸ்புரோ:

கொட்டேஷனுக்கு இப்போது சரி சொல்லாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். ஃபாக்ஸ்புரோ காலத்திலிருந்து அரிசி மில், லாரி புக்கிங், கூட்டுறவுச் சங்கம் என்று சின்ன ஆபீஸ்களுக்கே வேலை பார்த்து வருகிறேன். இந்த மாதிரி இடங்களில் பணம் புதுக் கம்ப்யூட்டருக்குப் போய், கோளாறு அப்படியே நிற்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. கம்ப்யூட்டருக்குச் சக்தி போதவில்லை என்றால் ஆள் கூடக் கூட மந்தமும் படிப்படியாகக் கூடும். உங்களுக்கு அப்படி இல்லை. ஒருவர் இருக்கும்வரை நன்றாக இருக்கிறது, இரண்டாவது ஆள் வந்ததும் ஒரேயடியாக விழுகிறது, அப்புறம் அதே நிலையில் நிற்கிறது. இது ஆக்சஸ் ஷேர் ஃபைலுக்கே உரிய அடையாளம்.

காசாளர் அறைக் கம்ப்யூட்டர் உங்களுக்காக எதையும் தேடித் தருவதில்லை. அது பேரேடு அடுக்கி வைத்த பீரோ, அவ்வளவுதான். தேடுவது, கூட்டுவது, வரிசைப்படுத்துவது எல்லாம் அவரவர் மேஜைக் கம்ப்யூட்டர் செய்கிறது. வேண்டிய பக்கங்களை 4 கேபி, 4 கேபியாக ஒயர் வழியே இழுத்துக்கொள்கிறது. பீரோவை ஒன்றேகால் லட்சத்துக்கு மாற்றினாலும் பக்கங்கள் அதே வழியில்தான் வந்தாக வேண்டும்.

நீங்கள் தனியாக இருக்கும்போது, "இந்த ஃபைலை வேறு யாரும் தொடவில்லை, வாங்கிய பக்கங்களை உன்னிடமே வைத்துக்கொள்" என்று விண்டோஸ் சலுகை தருகிறது. ஒரு தடவை இழுத்த பக்கத்துக்குத் திரும்ப ஒயருக்குப் போக வேண்டியதில்லை. இரண்டாவது ஆள் திறந்ததும் அந்தச் சலுகை ரத்து. நீங்கள் வைத்திருக்கும் நகல் பழசாகிவிடலாமே, அதனால் ஒவ்வொன்றையும் பீரோவிலேயே போய்ப் பார்க்க வேண்டும். இதைத் தவிர்க்க முடியாது.

தவிர்க்கக்கூடியது லாக் ஃபைல் தகராறு. ஷேர் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். டேட்டா ஃபைலின் அதே பெயரில், எக்ஸ்டென்ஷன் மட்டும் மாறி, ஒரு குட்டி ஃபைல் இருக்கும். யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று ஆளுக்கு 64 பைட் எழுதி வைக்கிற இடம் அது. உங்கள் ஃபார்ம் ஒரு டேபிளைத் தொட்டதும் அதில் பெயர் பதிய வேண்டும், மூடினால் அந்தப் பதிவின் மேல் போட்ட பூட்டை விட வேண்டும், கடைசி ஆள் போனால் ஃபைலையே அழிக்க வேண்டும். ஃபார்முக்கு ஃபார்ம் மாறும்போதெல்லாம் திறந்து மூடி, திறந்து மூடி என்று இந்தக் கூத்து நடக்கிறது. ஒவ்வொரு தடவையும் அனுமதி சரிபார்ப்பு, ஆன்டிவைரஸ் சோதனை. இன்னொருவரும் உள்ளே இருந்தால் யார் அழிப்பது, யார் வைத்திருப்பது என்று இழுபறி வேறு. 20 செகண்டில் பெரும்பங்கு இங்கேதான் போகிறது என்று நினைக்கிறேன்.

நினைப்பது போதாது, சோதித்துவிடுங்கள். காசு செலவில்லை. இரண்டு பேர் உள்ளே இருக்கும்போது, உங்கள் கம்ப்யூட்டரில் லிங்க் செய்த சின்ன டேபிள் ஏதாவது ஒன்றைத் திறந்து, மூடாமல் ஓரமாக மினிமைஸ் செய்துவிடுங்கள். பிறகு லாட் பதிவு ஃபார்மைத் திறந்து கைக்கடிகாரத்தில் நேரம் பாருங்கள். டேபிளை மூடிவிட்டு மறுபடி பாருங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வந்தால் குற்றவாளி அதுதான்.

அதோடு இன்னொன்று. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் நெட்வொர்க் ஸ்டேட்டஸில் "ஸ்பீடு" என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள். 1 ஜிபிபிஎஸ்ஸா, 100 எம்பிபிஎஸ்ஸா? காசாளர் அறைக் கம்ப்யூட்டருக்கு ஒரு பிங் (பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் கட்டளை) போட்டு எத்தனை மில்லிசெகண்ட் என்றும் குறியுங்கள். பெரிய ஃபைலை காப்பி செய்து வேகம் பார்த்து "நெட்வொர்க் நன்றாகத்தான் இருக்கிறது" என்று முடிவு கட்டாதீர்கள். காப்பி என்பது மொத்தமாகப் போவது. டேட்டாபேஸ் கேட்பது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன பக்கங்களை, ஒன்றுக்குப் பதில் வந்த பிறகு இன்னொன்று என்று. 3,000 பக்கத்துக்கு ஒவ்வொன்றும் அரை மில்லிசெகண்ட் என்றால் ஒன்றரை செகண்டில் முடியும். 5 மில்லிசெகண்ட் என்றால் அதே வேலைக்கு 15 செகண்ட்.

மண்டிக்கணக்கு:

சார், நேற்று சாயங்காலம் பார்த்தேன். இரண்டு பேர் உள்ளே இருக்கும்போது லாட் பதிவு 23 செகண்ட். ஊர்ப் பெயர் டேபிளைத் திறந்து ஓரமாக வைத்துவிட்டு அதே ஃபார்மைத் திறந்தால் 7 செகண்ட்! டேபிளை மூடினேன், பழையபடி 22. காசாளரையும் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் கம்ப்யூட்டரில் மட்டும் வித்தியாசம் குறைவு.

ஸ்பீடு: மூன்று கம்ப்யூட்டரில் 1 ஜிபிபிஎஸ். பட்டுவாடா கவுண்டரில் அடுத்தடுத்து உள்ள இரண்டில் 100 எம்பிபிஎஸ். பிங் எல்லா ஒயர் கம்ப்யூட்டரிலும் ஒரு மில்லிசெகண்டுக்குக் கீழே. குடோன் லேப்டாப்பில் ஒரு சமயம் 3, ஒரு சமயம் 40, நடுவில் ஒன்றிரண்டு பதிலே வரவில்லை.

மீதி 7 செகண்டை என்ன செய்வது?

கம்பி_வேலை:

அந்த இரண்டு 100 எம்பிபிஎஸ் கம்ப்யூட்டரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது என்கிறீர்கள். சாக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். ஒரே கேபிளைப் பிரித்து இரண்டு சாக்கெட்டுக்குக் கொடுத்திருப்பார்கள். கேபிளுக்குள் நாலு ஜோடி ஒயர். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும், அதனால் ஒரு கேபிளில் இரண்டு லைன் ஓட்டுவது பழைய வழக்கம். ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். ஸ்விட்சை எத்தனை தடவை மாற்றினாலும் அந்த இரண்டும் 100-க்கு மேல் ஏறாது. கேபிளை முழுசாக ஒரு சாக்கெட்டுக்குக் கொடுத்து, கவுண்டரில் 5 போர்ட் ஜிகாபிட் ஸ்விட்ச் ஒன்று வையுங்கள். இன்னொரு கேபிள் இழுக்க முடிந்தால் அதுவே மேல்.

குடோன் எவ்வளவு தூரம்? தாமிர ஒயர் 100 மீட்டர் வரைதான். தனிக் கட்டடம் என்றால், தூரம் குறைவாக இருந்தாலும், நான் ஃபைபர்தான் போடுவேன். இடி மின்னல் காலத்தில் இரண்டு கட்டடத்துக்கு நடுவே தொங்குகிற தாமிர ஒயர் இரண்டு பக்க ஸ்விட்சையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். இரண்டு முனையிலும் ஃபைபரைச் சாதாரண நெட்வொர்க் ஒயரோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் வைத்தால் வேலை முடிந்தது.

பழைய_பாக்ஸ்புரோ:

கம்பி_வேலை சொன்னதை அப்படியே செய்யுங்கள். அதிலும் குடோன் லேப்டாப்பை முதலில். வைஃபையில் ஆக்சஸ் டேட்டாவை எழுத விடவே கூடாது. மந்தம் என்பதற்காகச் சொல்லவில்லை. பாதி எழுதும்போது லைன் விட்டால் அந்தப் பக்கம் அரைகுறையாக நின்றுவிடும், மறுநாள் காலையில் ஃபைல் திறக்காது. ஒயர் போடும்வரை குடோனில் எடையைப் பேப்பரில் எழுதி, ஆபீஸில் வந்து பதியச் சொல்லுங்கள்.

காசாளர் கம்ப்யூட்டரில் வித்தியாசம் குறைவு என்றது பொருந்துகிறது. ஃபைல் அவரிடமே இருக்கிறது, அவருக்கு ஒயரே கிடையாது.

இப்போது லாக் ஃபைலுக்கு நிரந்தர ஏற்பாடு. டேட்டா ஃபைலில் ஒரே ஒரு ரெக்கார்டு உள்ள சின்ன டேபிள் ஒன்று உருவாக்கி லிங்க் செய்யுங்கள். அந்த டேபிளை வைத்து ஒரு வெற்று ஃபார்ம் போடுங்கள். புரோகிராம் தொடங்கும்போது தானாக ஓடும் ஆட்டோஎக்ஸெக் மேக்ரோவில் முதல் வேலையாக அந்த ஃபார்ம் திறக்கட்டும், விண்டோ மோடை ஹிடன் என்று கொடுத்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் நாள் முழுக்கத் திறந்தே இருக்கும், புரோகிராமை மூடும்போதுதான் மூடும். டேட்டாவுக்கான தொடர்பு விடாமல் நிற்பதால் லாக் ஃபைலைத் திறந்து மூடுவது நின்றுவிடும். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஊர் டேபிளைக் கையால் திறந்து வைக்கச் சொல்ல வேண்டாம்.

ஃபார்ம் ஃபைலை எல்லோரும் ஒன்றாகத் திறப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அவரவர் சி டிரைவில் ஒரு பிரதி. திருத்தம் செய்யும்போது ஆறு இடத்துக்கும் எப்படிக் கொண்டுபோவது என்று கேட்பீர்கள்: ஷேரில் உள்ள புதுப் பிரதியை சி டிரைவுக்குக் காப்பி செய்து அதைத் திறக்கிற மாதிரி இரண்டு வரி பேட்ச் ஃபைல் எழுதி, அதற்கு டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட் வையுங்கள். அந்த லோக்கல் ஃபோல்டரை ஆக்சஸில் டிரஸ்டட் லொகேஷனாக (நம்பகமான இடமாக) சேர்க்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் மேக்ரோ ஓடாமல் மஞ்சள் பட்டை வந்து நிற்கும். ஆன்டிவைரஸில் டேட்டா இருக்கிற அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் விலக்கு கொடுங்கள், முழு டிரைவுக்கும் வேண்டாம்.

மீதி 7 செகண்ட் ஃபார்முக்குள் இருக்கிறது. அதை டிசைன் வியூவில் திறந்து மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். விவசாயி பெயரைத் தேர்ந்தெடுக்கும் காம்போ பாக்ஸ் (கீழே விரியும் பட்டியல்) திறந்ததுமே எல்லாப் பெயரையும் இழுக்கிறதா? ஒவ்வொரு வரியிலும் பாக்கி காட்ட, டேபிளில் தேடித் தரும் டி-லுக்கப், கூட்டித் தரும் டி-சம் ஃபங்ஷன்கள் போட்டிருக்கிறதா? லாட் பட்டியலை எப்படி வடிகட்டுகிறார்கள்?

மண்டிக்கணக்கு:

மூன்றுமே இருக்கிறது சார். காம்போவில் விவசாயி 9,000 பேருக்கு மேல். லாட் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் முன்பணப் பாக்கியை டி-சம் கணக்கிடுகிறது. வடிகட்டுவது தேதி மேல் (வருஷத்தை மட்டும் பிரித்தெடுக்கும்) இயர் ஃபங்ஷன் போட்டு, நடப்பு வருஷம் என்று. ஃபார்ம் திறக்கும்போதே அந்த வருஷத்து லாட் முழுவதும் வந்துவிடுகிறது.

பழைய_பாக்ஸ்புரோ:

அப்படியானால் வழி தெளிவாக இருக்கிறது. தேதியிலிருந்து ஆரம்பியுங்கள். தேதி ஃபீல்டுக்கு இண்டெக்ஸ் (புத்தகத்தின் பின்னால் உள்ள சொல்லடைவு மாதிரி, விரைவாகத் தேட உதவுவது) இருந்தாலும், அதன் மேல் இயர் என்று ஒரு ஃபங்ஷனைப் போட்டுவிட்டால் இண்டெக்ஸ் பயன்படாது. ஒவ்வொரு ரெக்கார்டாக எடுத்து "இது எந்த வருஷம்?" என்று கணக்கிட வேண்டியிருக்கும். அதாவது எல்லா வருஷத்து லாட்டும் ஒயரில் வந்து, அப்புறம் வேண்டாதது கழிக்கப்படும். அதற்குப் பதில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று பிட்வீன் கொடுங்கள், தேதிக்கு இண்டெக்ஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். பதிவு ஃபார்முக்கு வருஷம் முழுக்க எதற்கு? இன்றைய லாட் மட்டும் வந்தால் போதும். பழசு வேண்டுமென்றால் தேட ஒரு பெட்டி வையுங்கள்.

டி-சம் ஒவ்வொரு வரிக்கும் தனியாக ஒரு க்வெரி ஓட்டுகிறது. திரையில் 30 வரி தெரிந்தால் 30 க்வெரி. முன்பணத்தை விவசாயி எண் வாரியாகக் கூட்டுகிற ஒரு டோட்டல்ஸ் க்வெரி எழுதி, லாட் க்வெரியோடு சேர்த்துவிடுங்கள். ஒன்று கவனியுங்கள்: அப்படிச் சேர்த்த க்வெரியில் திருத்த முடியாது. அதனால் பட்டியல் பார்க்கிற ஃபார்ம் வேறு, பதிகிற ஃபார்ம் வேறு என்று பிரிக்க வேண்டும். கொஞ்சம் வேலைதான், ஆனால் கவுண்டரில் நிற்பவருக்கு நேரடியாகக் கிடைக்கிற பலன் இதில்தான் இருக்கிறது.

காம்போவுக்கு முதலில் பெயர்ப் பட்டியல் எதுவும் கொடுக்காமல் காலியாக விடுங்கள். மூன்று எழுத்து அடித்த பிறகு அந்த எழுத்தில் தொடங்குகிற பெயர்களை மட்டும் எடுக்கட்டும். தேடும்போது 'எதுவும் வரலாம்' என்பதைக் குறிக்கும் நட்சத்திரக் குறி பின்னால் மட்டும் வர வேண்டும். முன்னாலும் போட்டால் பெயர் இண்டெக்ஸ் உதவாது.

போகிற போக்கில், டேட்டா ஃபைலில் ஒவ்வொரு டேபிளின் பிராப்பர்ட்டியிலும் சப்டேட்டாஷீட் நேம் (Subdatasheet Name) என்பது [Auto] என்று இருந்தால் [None] ஆக்குங்கள். ஆக்சஸ் ஆப்ஷனில் நேம் ஆட்டோகரெக்டையும் (Name AutoCorrect) அணைத்துவிடலாம்.

கோவை_நெட்:

நல்ல விளக்கம். ஆனாலும் என் பக்கத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். இவ்வளவு திருத்துவதற்குப் பதில் எஸ்க்யூஎல் சர்வருக்கு மாறினால் தேடுகிற வேலை சர்வரிலேயே நடக்குமே?

பழைய_பாக்ஸ்புரோ:

மாறினாலும் இந்தத் திருத்தங்கள் வேண்டும் என்பதுதான் என் அனுபவம். 9,000 பெயரை இழுக்கிற காம்போ அங்கேயும் 9,000 பெயரைத்தான் இழுக்கும். வரிக்கு ஒரு டி-சம் அங்கேயும் வரிக்கு ஒரு க்வெரியாகத்தான் போகும். சர்வரிலேயே ஓடுகிற க்வெரிகளை (வியூ, ப்ரொசீஜர்) எழுதத் தெரிந்த ஆள் இருந்தால்தான் முழுப் பலன். இங்கே சீசன் நெருங்குகிறது, புரோகிராம் எழுதியவர் ஊரில் இல்லை. 340 எம்பிக்கு 2 ஜிபி வரம்பும் இப்போதைக்குத் தொலைவில் இருக்கிறது. ஆனால் கரண்ட் போனால் டேட்டா பத்திரமாக இருக்கும் என்று நீங்கள் சொன்னதும், ஆட்கள் வேலை செய்யும்போதே பேக்கப் எடுக்கலாம் என்பதும் உண்மையான லாபங்கள். சீசன் முடிந்து குடோன் ஓய்ந்த பிறகு நிதானமாக மாற்றட்டும், நானே உதவுகிறேன். அதுவரை காசாளர் அறைக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டால் போதும்.

மண்டிக்கணக்கு:

தகவல் சொல்லிவிடுகிறேன். மறைவு ஃபார்ம், சி டிரைவ் பிரதி, தேதி பிட்வீன், காம்போ நாலும் முடித்தாயிற்று. ஐந்து பேர் உள்ளே இருக்கும்போது லாட் பதிவு 2 செகண்டுக்குள் வருகிறது. டி-சம் மாற்றுவது பாதியில் நிற்கிறது, பட்டியல் ஃபார்ம் மட்டும் இன்னும் இழுக்கிறது. கவுண்டர் சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தோம், ஒரே கேபிள்தான் இரண்டாகப் பிரிந்திருந்தது. குடோனுக்கு ஃபைபர் போட ஆள் வந்து அளந்துவிட்டுப் போனார். முதலாளியிடம் சர்வர் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இன்னும் ஒரு சந்தேகம். தினமும் மதியம் டேட்டா ஃபைலை பென் டிரைவில் காப்பி எடுக்கிறோம், எல்லோரும் வேலை செய்துகொண்டிருக்கும்போதே. நீங்கள் பேக்கப் பற்றிச் சொன்னதைப் பார்த்ததும் பயமாக இருக்கிறது. அது சரியா?

பழைய_பாக்ஸ்புரோ:

சரியில்லை, மாற்றிவிடுங்கள். யாராவது எழுதிக்கொண்டிருக்கும்போது காப்பி எடுத்தால் ஒரு பக்கம் பழசும் ஒரு பக்கம் புதுசுமாகச் சேர்ந்துவிடலாம். தேவைப்படுகிற நாளில்தான் அது திறக்கவில்லை என்று தெரியவரும். சாயங்காலம் எல்லோரும் புரோகிராமை மூடிய பிறகு, லாக் ஃபைல் மறைந்துவிட்டதா என்று ஃபோல்டரில் பாருங்கள். மறைந்திருந்தால் காப்பி எடுங்கள். எல்லோரும் மூடிவிட்டதாகச் சொல்லியும் அது அங்கேயே இருந்தால் யாரோ ஒருவர் கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று அர்த்தம். நோட்பேடில் அதைத் திறந்தால் கம்ப்யூட்டர் பெயர்கள் தெரியும், ஆனால் வெளியே போனவர் பெயரும் அதில் தங்கியிருக்கலாம், அதனால் ஒவ்வொன்றாகப் போய்ப் பாருங்கள்.

கிழமைக்கு ஒன்று என்று ஆறு பென் டிரைவ் வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் அதில் ஒன்றை வேறு கம்ப்யூட்டரில் போட்டு, திறக்கிறதா, நேற்றைய கடைசி லாட் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். காசாளர் அறைக் கம்ப்யூட்டரை ஸ்லீப் போகாத மாதிரி பவர் செட்டிங்கில் மாற்றுங்கள், யுபிஎஸ் பேட்டரி எத்தனை நிமிஷம் தாங்குகிறது என்றும் ஒரு நாள் சோதித்து வையுங்கள். டி-சம் க்வெரியில் எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள், பார்க்கலாம்.